கெத்சியாள் நகரவில்லை

சாலேம்விளைக்காரர்கள் இந்தக் கதையை ஆளுக்கொரு நாளிலிருந்து தொடங்குவார்கள், சபைக்காரர்கள் ஆதாம் ஏவாளிலிருந்தே தொடங்குவார்கள், ஆனால் எப்சிபாவுக்கு அது ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, மகளுடைய கல்லறைக்கு அவள் அடித்த சுண்ணாம்பிலிருந்துதான் தொடங்குகிறது.

தேரிக்காட்டுச் செம்மண் மூன்று பக்கமும் வளைத்துக் கிடக்கிற அந்த ஊரில் மூன்று ஆலயங்கள் உண்டு. காலேப் ஐயரின் பெரிய கோயில் ஒன்று, பாஸ்டர் எலியேசரின் சபை ஒன்று, அலோசியஸ் சாமி பூசை வைக்கிற அந்தோணியார் கோயில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மூன்று மைக்கும் ஒன்றையொன்று மறித்துப் பாடும், ஒரு கோயில்காரர் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொரு கோயில்காரர் கை நனைக்க யோசிப்பார், ஆனால் செத்தால் எல்லோருக்கும் ஒரே கல்லறைத் தோட்டம்தான், எல்லோரையும் ஒரே விதமாகத்தான் வைப்பார்கள். தலை மேற்கே, கால் கிழக்கே. கர்த்தர் கிழக்கிலிருந்து வருகிற நாளில் எழும்புகிறவர்கள் தேடித் திரும்பாமல் அவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று.

சனிக்கிழமை சாயங்காலம் ஊரே கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தது. ஞாயிறு விடிகாலை ஆராதனை முடிந்து பூவும் மெழுகுவர்த்தியுமாகத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது, முந்தின நாள் தரையில் சிந்தின சுண்ணாம்புத் துளிகள் சிந்தின இடத்திலேயே நீளக் கோடாகக் கிடக்க, கல்லறைகள் மட்டும் தலைமாட்டை ஊன்றிக்கொண்டு கால்மாட்டை வடக்கே அரைச் சாண் நகர்த்தியிருந்தன. மண் வெடிக்கவில்லை, பூவரச மரத்து வேர் அறவில்லை, சிலுவை ஒன்றும் சாயவில்லை. தூங்குகிறவர்கள் புரண்டு படுப்பதுபோல அத்தனை பேரும் கொஞ்சம் திரும்பியிருந்தார்கள். திங்கள்கிழமையும் அரைச் சாண். செவ்வாய்க்கிழமையும் அரைச் சாண்.

முதல் மூன்று நாள் ஊர் பயந்தது, நாலாம் நாள் பழகிவிட்டது. தாலுகா ஆபீஸிலிருந்து சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்து, மதியச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி உண்டா என்று கேட்டுச் சாப்பிட்டு, கல்லறைகள் சரியாகவே இருக்கின்றன, வரைபடம்தான் பழையது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பெண்கள் தண்ணிக் குடத்தைக் குழாயடியில் வரிசையில் போட்டுவிட்டு, தங்கள் வீட்டுப் பெரியவர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று பார்த்து வந்தார்கள். "எங்க மாமனாரு எல்லாருக்கும் முந்தி ஒரு விரக்கட கூடுதலாப் போயிருக்காரு, உயிரோட இருக்கும்போதும் பந்திக்கு அப்படித்தாம் போவாரு" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். டீக்கடை சுடலைமுத்து கிளாஸைக் கழுவியபடி சொன்னான்: "எங்க மாடன் சாமி போன கொடைத் திருவிழாவுக்கு எந்தப் பக்கம் பாத்தாரோ அந்தப் பக்கந்தாம் இன்னும் பாக்காரு. ஒங்காளுவதாம்வே செத்த பொறவும் ஒரு எடத்துல இருக்க மாட்டேங்காவ."

எப்சிபா சிரிக்கவில்லை. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவள் கண்டுகொண்டிருந்தாள், மற்ற எல்லாக் கல்லறையும் திரும்பியிருக்க, வடக்கு மதில் ஓரம் கடைசியாக இருந்த நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்த கல்லறை, அவள் மகள் கெத்சியாளின் கல்லறை, தன் சுண்ணாம்புக் கோட்டைவிட்டு ஒரு இழைகூட நகரவில்லை.

கெத்சியாள் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்தவள். முந்தின வருஷத்துக்கும் முந்தின ஐப்பசியில், மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு, வாழைத்தோட்டத்துக் கிணற்றில் கிடந்தாள். வழுக்கி விழுந்தாள் என்று எப்சிபா சொன்னாள். குதித்தாள் என்று ஊர் சொல்லவில்லை, ஆனால் வழுக்கினாள் என்று யாரும் திரும்பச் சொல்லவுமில்லை. காலேப் ஐயர் முழு ஜெபமும் வாசித்துத்தான் அடக்கம் பண்ணினார், என்றாலும் கமிட்டிக்காரர்கள் காட்டிய இடம் மதில் ஓரம், பழைய செக்ரட்டரி தங்கையாவின் கருங்கல் கல்லறைக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்த கீற்று. இப்போது அந்தக் கல்லறை நகராமல் கிடந்தால் ஊர் என்ன சொல்லும் என்று எப்சிபாவுக்குத் தெரியும். ஆகவே திங்கள்கிழமை காலையில் எல்லோருக்கும் முந்திப் போய், தரையில் கிடந்த சுண்ணாம்புத் துளிகளைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு, ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுபோன புதுச் சுண்ணாம்பை அரைச் சாண் தள்ளிச் சிந்தினாள். செவ்வாய்க்கிழமை அதை அழித்து இன்னும் அரைச் சாண் தள்ளிச் சிந்தினாள். புதன்கிழமை தங்கையாவின் மகன் ஜோயல் நூலும் ஆணியும் கொண்டு வந்து தோட்டம் முழுக்க அளந்தான்.

"யக்கா, நூல் பொய் சொல்லாது" என்றான் அவன், கோபமில்லாமல், அதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது. "எல்லாரும் கெளம்பியாச்சு. ஒங்க மவ மட்டும் கெளம்பல."

சாயங்காலத்துக்குள் பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. கல்லறைகள் போகிற போக்கைப் பார்த்து, அவை வடக்கு வழியாகத் திரும்பி எருசலேம் இருக்கிற திசைக்கு நேராகும் என்றும், அரைச் சாண் வீதம் போனால் நாற்பத்திரண்டாம் நாள் அது நடக்கும் என்றும், அன்றைக்கு இரகசிய வருகை, கர்த்தர் தம்முடையவர்களை மட்டும் மேலே எடுத்துக்கொள்கிற நாள் என்றும் பாஸ்டர் எலியேசர் கணக்குச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு ஏழு வருஷம் உபத்திரவம், அது கைவிடப்பட்டவர்களுக்கு. அவருடைய சபையிலேயே மூப்பர் ஒருவர் எழும்பி, உபத்திரவத்துக்குள் போய்த்தான் வெளியே வருவோம், முந்தி எடுத்துக்கொள்ளப்படுவது என்பது நம் ஆசை என்றார், சபை இரண்டாகியது. முந்திப் போவோம் என்றவர்கள் அரிசி வாங்குவதை நிறுத்தினார்கள், பிந்திப் போவோம் என்றவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கினார்கள், அண்ணன் தம்பி வீடுகளில்கூட ஒரு அடுக்களை காலியாகவும் ஒரு அடுக்களை நிரம்பியும் இருந்தது. காலேப் ஐயர் வெளிப்பாட்டுப் புஸ்தகம் சொல்லுகிற ஆயிரம் வருஷம் என்பதே எண்ணிக் கழிக்கிற வருஷம் இல்லை, நாம் இப்போதே கிறிஸ்துவின் அரசாட்சிக்குள்தான் இருக்கிறோம் என்று பிரசங்கம் பண்ண, பாஸ்டர் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"இதுவா ஐயரே அந்த அரசாட்சி? தண்ணி லாரி வாரத்துக்கு ஒருநா வருது."

"லாரி வராததுக்கும் வெளிப்பாட்டுக்கும் என்ன பாஸ்டர் சம்பந்தம்?"

"கடவுளோட மகனுக்கே தெரியாத நாளு" என்று அலோசியஸ் சாமி சைக்கிளை நிறுத்தி இருவருக்கும் பொதுவாகச் சொன்னார், "ஜோயல் கையில இருக்க நூலுக்கு எப்படித் தெரியும்னுதாம் நான் கேக்கேன்." சொல்லிவிட்டு அவரும் அன்றைக்குத் தன் கோயில் ஆட்கள் எல்லோரையும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரச்சொன்னார்.

எப்சிபாவின் வீட்டுக்குள்ளேயே இரண்டு கோயில் இருந்தது. அவள் புருஷன் வேதநாயகம், மினிபஸ் டிரைவர், பத்து வருஷத்துக்கு முன்னால் பெரிய கோயிலை விட்டு சபைக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர், அன்றிலிருந்து வண்டியை விட்டு இறங்கினால் வெள்ளைச் சட்டைதான், மருந்து மாத்திரை கிடையாது, கல்லறைக்குப் பூ வைப்பதும் கிடையாது. மகளை அடக்கம் பண்ணின நாளுக்குப் பிறகு அவர் அந்தத் தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லை. கெத்சியாள் முழுக்கு எடுக்காமலே போய்விட்டாள். சோறு போடும்போது எப்சிபா, "ஜோயல் சொன்னது காதுல விழுந்துச்சா அத்தான்?" என்று கேட்டாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "விழுந்துச்சு" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

ஏழாம் நாள் சனிக்கிழமை, தங்கையாவின் கருங்கல் கல்லறை வடக்கே வந்து வந்து, கால்மாட்டு முனையால் கெத்சியாளின் நீலக் கல்லறையைத் தொட்டது. தொட்டு நின்றது. மறுநாள் தங்கையாவுக்குத் தெற்கே இருந்த கல்லறை வந்து தங்கையாவின்மேல் சாய்ந்து நின்றது, அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது, அந்த வரிசை முழுக்க நின்றது. பத்தாம் நாளைக்குள், வழி மறிக்கப்படாத வரிசைகளும்கூட, ரேஷன் கடையில் முன்னால் நிற்கிறவர் நின்றதும் பின்னால் நிற்கிறவர்கள் காரணம் கேட்காமல் நிற்பதுபோல, ஒவ்வொன்றாக நின்றன. நூற்றுப்பதினெட்டுக் கல்லறையும் பாதித் திருப்பத்தில் நின்றன. சாலேம்விளையின் நியாயத்தீர்ப்பு நாள் ஒரு இருபது வயசுப் பெண்ணின் சிமெண்டுக் கல்லறையில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் பாஸ்டர் எலியேசர் பவுல் எழுதின நிருபத்தைப் புரட்டி, முடிவு வராமல் தடுத்து நிறுத்துகிற ஒன்று உண்டு, அது நடுவிலிருந்து எடுக்கப்பட வேண்டும், எடுத்தால்தான் வருகை, என்று சொன்னார். அவர் கெட்டவர் அல்ல, கெத்சியாள் காணாமல்போன காலையில் அந்தக் கிணற்றுக்குள் முதலில் இறங்கினவர் அவர்தான். காலேப் ஐயர், அந்தத் தடுக்கிறவன் ரோம இராயன் என்றவர்கள் உண்டு, சுவிசேஷம் என்றவர்கள் உண்டு, பரிசுத்த ஆவி என்றவர்கள் உண்டு, நர்சிங் படித்த பிள்ளை என்று யாரும் சொன்னதில்லை என்றார். ஆனால் அவருடைய கமிட்டிக்காரர்களே கேட்கவில்லை. அவர்கள் வருகையை நம்பினார்கள் என்று சொல்ல முடியாது, தங்கள் அப்பனும் ஆத்தாளும் பாதியில் நிற்பதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. ஜோயல் வீடு வீடாகப் போனான். நீலக் கல்லறையைத் தோண்டி, உள்ளே இருப்பதை எடுத்து, ஊருக்கு வெளியே தேரியில் வைத்துவிட்டால் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள் என்றான். தாய் தகப்பன் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நாள்களில் எப்சிபா காலைச் சமையலை முடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய், கல்லறைக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த மூன்றடிச் சந்தில் உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் முதுகைச் சாய்த்தபோதுதான் சிமெண்டு அதிர்வது தெரிந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் உடம்பைப்போல, மேலுக்கு ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. எழும்பிப் பார்த்தாள். தங்கையாவின் கருங்கல் தொட்ட இடத்திலிருந்து தலைமயிர் அளவுக்கு ஒரு கீறல் கிளம்பியிருந்தது. மறுநாள் அது ஈர்க்குச்சி அளவு இருந்தது. மறுநாள் விரல் நுழைந்தது. அப்படியானால் இவர்கள் தோண்டாவிட்டாலும் ஒருநாள் இது உடையும், உடைந்தால் நூற்றுப்பதினெட்டும் என் மகள்மேல் ஏறிக்கொண்டு போகும், என்று எப்சிபா நினைத்தாள். அன்றிலிருந்து அவள் சும்மா உட்காரவில்லை. மதிலில் காலை ஊன்றி, முதுகைக் கல்லறையில் கொடுத்து, தன்னால் ஆன மட்டும் தள்ளினாள்.

அந்தோணியார் கோயில் தெரு லூர்துமேரி எட்டு மாச வயிற்றைத் தூக்கிக்கொண்டு, ஒரு தூக்குவாளியில் சுக்குக் காப்பியோடு மதிலோரமாக வந்தாள்.

"யாரும் பாக்கல யக்கா. குடிங்க."

"ஒனக்கு எதுக்கு ஏட்டி இந்த வேலை? ஒங்க ஆளுவ ஏசிரப் போறாவ."

"அந்த நாளுல கர்ப்பவதிகளுக்கு ஐயோன்னு வேத வாசகத்துலயே வருதுல்லா யக்கா" என்று லூர்துமேரி வயிற்றைத் தடவிக்கொண்டாள். "எல்லாரும் முடிவு வரணும் வரணும்ங்காவ. எனக்கு இது பொறக்கணும். ஒரு வாய் பால் குடிக்கணும். ஒங்க மவ புடிச்சு நிறுத்திக்கிட்டு இருக்கான்னு நான் நெனச்சுக்கிடுதேன்."

எப்சிபா காப்பிக் கிளாஸை அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். ஒன்றரை வருஷத்தில், வழுக்கினாளா குதித்தாளா என்பதைத் தவிர கெத்சியாளைப் பற்றி வேறொன்றை ஒருத்தி வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

பத்தொன்பதாம் நாள் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஊர் வந்தது. ஜோயலும் நாலு பேரும் கடப்பாரை, மண்வெட்டி, ஒரு புது வெள்ளை வேட்டியோடு வந்தார்கள், வேட்டி எலும்பைப் பொதிய. பின்னால் பாஸ்டரும், ஐயரும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாமியாரும். எல்லோருக்கும் முன்னால், ட்ரிப் எடுக்காமல், காக்கி போடாமல், வெள்ளைச் சட்டையோடு வேதநாயகம். அவர் கையில் பேப்பர் இருந்தது. அவருடைய கையெழுத்து அதில் ஏற்கெனவே இருந்தது.

"எப்சி, எழும்பி வெளிய வா."

"வர முடியாது அத்தான். கீறல் பெருசாயிட்டு. நான் எழும்புனா தாங்காது."

"மைனி, ஊர்க்காரியம் இது" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். "ஒரு பிள்ளைக்காக எல்லாரும் நிக்கணுமா?"

"யாரு நிக்கச் சொன்னா? சுத்திப் போங்களேன்."

கூட்டத்தில் எவரோ சிரித்துவிட்டு உடனே இருமினார். ஜோயலின் முகம் கறுத்தது. "சுத்திப் போறதுக்கு இது என்ன மினிபஸ்ஸா யக்கா? நாங்க மரியாதையாக் கேக்கோம். ஒங்க மவ எப்படிப் போனான்னு எல்லாருக்கும் தெரியும். அவ போக மாட்டா. போறவங்களையாவது விடச் சொல்லுங்க."

கருங்கல் நீலச் சிமெண்டின்மேல் உரசுகிற சத்தம் அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது, அம்மியில் யாரோ மெதுவாக அரைப்பதுபோல. காலேப் ஐயர் ஜோயலின் தோளில் கை வைத்தார். அவன் அதை உதறினான்.

எப்சிபா ஜோயலைப் பார்க்கவில்லை. மதிலில் ஊன்றிய காலை எடுக்காமல் புருஷனைப் பார்த்தாள். "கையெழுத்துப் போடுதேன். அதுக்கு முந்தி நீங்க ஒங்க கையை இதுமேல வையுங்க. ஒன்றர வருசமா வைக்கல. ஒருவாட்டி வச்சிட்டுச் சொல்லுங்க, தோண்டணும்னு. நான் போடுதேன்."

வேதநாயகம் பாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நாலு அடி நடந்து, குனிந்து, உள்ளங்கையை விரித்து நீலச் சிமெண்டின்மேல் வைத்தார்.

இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிற கை அது. ஆளேற்றின வண்டி மேட்டில் நிற்கும்போது, பிரேக் பிடிக்காத நாளில், பின் டயருக்கு அடியில் ஒரு கல்லை வைப்பார்கள். வண்டியின் மொத்தக் கனமும் அந்தக் கல்லின்மேல் இறங்கும். அப்போது அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் அது எப்படி நடுங்கும் என்று. அது மாட்டிக்கொண்டு கிடக்கிற கல் அல்ல. தாங்குகிற கல். வேதநாயகத்தின் கை அதைத் தெரிந்துகொண்டது, தெரிந்துகொண்ட கையை அவரால் எடுக்க முடியவில்லை.

"எப்சி" என்றார். "அன்னைக்கு முந்தின நாளு சாயங்காலம், முழுக்கு எடுக்க மாட்டேன்னு சொன்னா. நான் சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். கர்த்தர் வரும்போது நாங்க போயிருவோம், நீ கைவிடப்பட்டுத் தனியாக் கெடப்ப ஏட்டின்னு சொன்னேன். அதுக்குப் பொறவு அவகூட நான் ஒரு வார்த்த பேசல. விடிஞ்சா கெணறு."

எப்சிபா கண்ணை மூடிக்கொண்டாள். இதைத்தான் இத்தனை நாள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறார் இந்த மனுஷன், என்று நினைத்தாள். கோபம் வந்தது, கிணறு அளவுக்கு வந்தது, வந்த கோபத்தை வைக்க இடமில்லாமல் அவள் முதுகால் இன்னும் பலமாகத் தள்ளினாள்.

"வேதநாயகம்" என்று பாஸ்டர் எலியேசர் மெதுவாகக் கூப்பிட்டார். "தம்பி, நாமெல்லாம் போகணும்லா. ஆயத்தமா இருக்கோம்லா."

"நீங்க போங்க பாஸ்டர்" என்றார் வேதநாயகம். "கணக்குச் சரியா இருந்தா நீங்க போயிட்டு வாங்க. எம் பிள்ளைய நான்தாம் கைவிட்டேன். இனிமே விட மாட்டேன்."

பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, உடுத்தியிருந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த மூன்றடிச் சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்து, எப்சிபாவுக்கு அடுத்தாற்போல் செம்மண்ணில் உட்கார்ந்து, முதுகைக் கல்லறையில் கொடுத்தார். கடப்பாரையோடு நின்றவர்கள் ஜோயலைப் பார்த்தார்கள். ஜோயல் தன் அப்பனின் கருங்கல்லைப் பார்த்தான், அது முன்னால் போகத் துடித்துக்கொண்டு உரசிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இரண்டு தலைகளையும் பார்த்தான். அவன் கடப்பாரையை ஓங்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஒருவரும் கலைந்து போகவில்லை.

வேதநாயகத்தின் நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. நூற்றுப்பதினெட்டுப் பேரின் கனமும் மெல்ல மெல்ல அவர் முதுகெலும்பில் ஏறுவதை எப்சிபா அவர் மூச்சிலிருந்து தெரிந்துகொண்டாள்.

"கனமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"அப்ப மதில்ல கால நல்லா ஊனிக்கிடுங்க அத்தான்."